திரைக்குப் பின்னால் ஒரு மாணவி!

வகுப்பில் பாடம் நடக்கிறது. பெஞ்சு நிறைய மாணவர்கள். அத்தனை பேரும் பையன்கள். அறையின் ஓரத்தில் மட்டும் ஒரு திரை தொங்குகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் யார்?

ஒரே ஒரு பெண்!

ஆசிரியரின் குரல் அவருக்குக் கேட்கும். ஆனால், அவரை மாணவர்கள் பார்க்கக் கூடாது. அவரும் மாணவர்களைப் பார்க்கக் கூடாது. கல்லூரிக்கு வருவதும் போவதும் திரை போட்ட வண்டியில்தான். பாடம் முடிந்ததும் அவர் முதலில் கிளம்பிப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகுதான் பையன்கள் வெளியே வரலாம்.

இது ஏதோ தூர தேசத்துக் கதை இல்லை, குட்டீஸ்! மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூர், திருப்பத்தூர் வழியாகப் போனால் சுமார் நூறு கிலோமீட்டரில் புதுக்கோட்டை வருமே, அங்கே நடந்தது. வருடம் 1904. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாணவியின் பெயர் முத்துலட்சுமி.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கலாம். உங்கள் தெருவில் கர்ப்பமாக இருக்கும் அக்காவோ சித்தியோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்திருப்பார்கள். அவர்களுக்கு அரசு பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கொடுக்கிறது. அந்தத் திட்டத்தின் பெயர் 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்'. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் நர்சம்மாக்கள் தினம் தினம் உச்சரிக்கும் பெயர் அது. அந்த முத்துலட்சுமிதான் இந்த முத்துலட்சுமி!

அவர் பிறந்தது 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி. அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டார்கள். அப்பா நாராயணசாமி ஐயர், கல்வித்துறையில் இருந்தவர். அம்மா சந்திரம்மாள், கோயில் இசையும் நடனமும் வழிவழியாக வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். வேறு சாதியில் திருமணம் செய்துகொண்டார் என்று அப்பாவை அவருடைய சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகள் பத்து, பன்னிரண்டு வயது வரை பள்ளிக்குப் போனாலே பெரிய விஷயம். பெரிய மனுஷி ஆனதும் படிப்பு நின்றுவிடும். முத்துலட்சுமிக்கும் பள்ளி நின்றது. சீக்கிரம் கல்யாணம் செய்து வைத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கவலை. மகளுக்கோ படிப்பு ஆசை. அப்பா மகள் பக்கம் சாய்ந்தார். வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-இல் தனித்தேர்வராக மெட்ரிக்குலேஷன் பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டார்.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது ஒரே கல்லூரி, மன்னர் கல்லூரி. அங்கே படித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். முத்துலட்சுமி விண்ணப்பம் போட்டதும் ஊரில் புகைச்சல் கிளம்பியது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள் சிலர். அவருடைய அம்மாவின் குலத்தைச் சொல்லிக் குத்திக்காட்டினார்கள் வேறு சிலர்.

முடிவு சொல்ல வேண்டியவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவர் எதிர்ப்புகளைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்ளச் சொன்னார், உதவித்தொகையும் கொடுத்தார். ஆனால், ஊர் வாயை அடைக்க வேண்டுமே? அதற்காக வந்ததுதான் அந்தத் திரை!

பையன்கள் கெட்டுப்போகவில்லை. திரைக்குப் பின்னால் இருந்தவரும் பரீட்சையில் தேறினார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். டாக்டர் படிப்பில் அறுவை சிகிச்சைதான் ஆண்களின் கோட்டை என்று அப்போது பலர் நினைத்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தைக் கண்டு மயங்கக் கூடாது. பெண்களுக்கு இதெல்லாம் ஆகுமா என்பது பேராசிரியர்களுக்கே சந்தேகம். முத்துலட்சுமி அந்த அறுவை சிகிச்சைப் பாடத்திலேயே முதலிடம் வாங்கினார். 1912-இல் 'எம்.பி. அண்ட் சி.எம்.' பட்டத்தோடு தங்கப் பதக்கங்களும் பரிசுகளும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். சென்னை எழும்பூரில் பிரசவத்துக்குப் பெயர் போன அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். சில பொது அறிவுப் புத்தகங்களில் 'இந்தியாவின் முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி' என்று போட்டிருக்கும். வினாடி வினாவில் அப்படிச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்! மகாராஷ்டிரத்தின் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கியது 1886-இல். வங்காளத்தின் காதம்பினி கங்குலி கல்கத்தாவில் படிப்பை முடித்ததும் அதே 1886-இல். முத்துலட்சுமி அந்த வருடம் கைக்குழந்தை! சென்னை மருத்துவக் கல்லூரியில்கூட 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் முன்னால் போனால், அமெரிக்காவில் எலிசபெத் பிளாக்வெல் இருக்கிறார். அவரைச் சேர்க்கலாமா என்று கல்லூரி தன் மாணவர்களிடமே கேட்டதாம். யாரோ விளையாட்டுக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து, அவர்களும் சிரித்துக்கொண்டே 'சரி' சொல்லிவிட்டார்களாம்! 1849-இல் அவர் டாக்டராகிவிட்டார். ஆக, நம் முத்துலட்சுமிக்கு முன்னாலும் கதவைத் தட்டியவர்கள் உண்டு. அதனால் அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அதற்கு முன் மணமகள் ஒரு நிபந்தனை போட்டார். என்ன தெரியுமா? தன்னைச் சமமாக மதிக்க வேண்டும். தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. வரதட்சணை கேட்கும் மாப்பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். மாப்பிள்ளைக்கே நிபந்தனை போட்ட பெண்ணை 1914-இல் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? சுந்தர ரெட்டி சம்மதித்தார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்.

சரி, நல்ல டாக்டர். கைராசிக்காரர். வீடு, கணவர், ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு பிள்ளைகள். இத்தோடு கதை முடிந்திருக்கலாம்.

ஆனால், அவரிடம் வந்த நோயாளிகள் விடவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிரசவத்துக்கு வருவார்கள். தாயும் சிறுமி, பிறப்பதும் சிசு. சில சமயம் இரண்டு உயிரும் போய்விடும். இதற்கு எந்த மருந்தை எழுதிக் கொடுப்பது? நோய் அந்தப் பிள்ளையின் உடம்பில் இல்லை. அந்த வயதில் கல்யாணம் செய்துவைத்த பழக்கத்தில் அல்லவா இருக்கிறது!

இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்குப் போய்த் திரும்பிய நேரத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. 1926 டிசம்பரில் சென்னை மாகாண சட்டசபைக்கு அவரை உறுப்பினராக நியமித்தார்கள். அந்த மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்கள், மலபார் எல்லாம் அதில் அடக்கம். அத்தனை பெரிய சபையில் இருந்த ஒரே பெண் அவர்தான். 1927-இல் துணைத் தலைவராகவும் அவரையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பெண் அப்படிச் சட்டசபைத் துணைத் தலைவரானது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. கல்லூரியில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். இங்கே எல்லாரும் பார்க்கும் நாற்காலி!

சபையில் அவர் என்னென்ன கேட்டார்? பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். உங்கள் பள்ளிக்கு டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொல்வாரே, கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பாரே, அது அந்தக் காலத்தில் பெரிய கோரிக்கை! பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று போராடினார். 1929-இல் நாடு முழுமைக்கும் வந்த சாரதா சட்டம், பெண்ணுக்கு 14 வயது நிரம்ப வேண்டும் என்றது. இன்றைக்குச் சட்டப்படி 18. அன்று அந்தப் பதினாலுக்கே அவ்வளவு சண்டை!

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை ஒன்று இருந்தது. அது அவருடைய அம்மாவின் குலத்தைப் பற்றியது.

கோயிலில் ஆடவும் பாடவும் சிறுமிகளை நேர்ந்துவிடும் வழக்கம் இருந்தது. கழுத்தில் பொட்டுக் கட்டிவிடுவார்கள். அதன்பின் அந்தச் சிறுமி தெய்வத்துக்கே மனைவி. வேறு யாரையும் மணக்க முடியாது. தேவதாசி என்று பெயர். தமிழ்நாட்டின் இசையையும் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். ஆனால், காலப்போக்கில் பணக்காரர்கள் அந்தப் பெண்களைத் தங்கள் விருப்பப்படி நடத்தத் தொடங்கினார்கள். பிறந்த குழந்தைகளுக்கு அப்பா பெயர் சொல்ல ஆள் இல்லை. ஊருக்கு அவர்கள் பாட்டு வேண்டும். அவர்களுக்கு மரியாதை கொடுக்க மட்டும் மனசு வராது.

அப்படியென்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஒரு முடிச்சு. கோயில் சேவைக்காக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் உண்டு. அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் நிலம் கையைவிட்டுப் போய்விடும். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அதனாலேயே மனசில்லாதவர்களும் மகளை நேர்ந்துவிட்டார்கள்.

முத்துலட்சுமி முதலில் அந்த முடிச்சில்தான் கை வைத்தார். அவர் முயற்சியால் 1929-இல் வந்த சட்டத் திருத்தம், சேவை செய்தாலும் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம் என்று ஆக்கியது. நோயின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்தியம் செய்யும் டாக்டர் புத்தி, சட்டசபையிலும் வேலை செய்திருக்கிறது பாருங்கள்!

அடுத்து, பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக வந்தது. தீரர் சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவரே எதிர்ப்பக்கம் நின்றார். தேவதாசிப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினாரே பெங்களூர் நாகரத்தினம்மாள், அவரும் அதில் ஒருவர். நாங்கள் கலைஞர்கள், படித்தவர்கள், சொந்தமாகச் சொத்து வைத்திருப்பவர்கள். எங்களை எல்லாம் ஒரே மாதிரி கெட்டவர்கள் என்று பேசுவதா என்பது அவர்கள் வருத்தம். அதிலும் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் மதுரை அனுமந்தராயன் கோயில் தெருவில் வளர்ந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, அப்படிப்பட்ட இசைக் குடும்பத்தில் 1916-இல் பிறந்தவர்தானே! அவருக்கு முதல் குருவே வீணை வாசித்த அம்மா சண்முகவடிவுதான். அந்த வீடுகளில் இருந்தது அவமானம் மட்டும் இல்லை, சங்கீதமும் இருந்தது.

ஆனால், விருப்பமா இல்லையா என்று சொல்லத் தெரியாத வயதில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்டலாமா? முத்துலட்சுமியின் கேள்வி இது. இதற்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

மசோதா முடிவதற்குள் 1930 வந்தது. உப்பு சத்தியாக்கிரகத்தில் காந்திஜியைக் கைது செய்தார்கள். அதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார் முத்துலட்சுமி. அவர் தொடங்கிய மசோதா, பல வருடம் கிடப்பில் கிடந்து, நாடு விடுதலை பெற்ற 1947-இல்தான் சட்டமாயிற்று. பதினேழு வருடம்!

பதவி போன பிறகு சும்மா இருந்தாரா? பேனாவைக் கையில் எடுத்தார். 1930-லேயே ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். சட்டசபை உறுப்பினராகத் தன்னுடைய அனுபவங்கள் என்பதுதான் அதன் பொருள். யார் என்ன தீர்மானம் கொண்டுவந்தார்கள், யார் எதிர்த்தார்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நோயாளியின் சீட்டில் டாக்டர் குறிப்பு எழுதுவது போல எழுதிவைத்தார். பெண்களுக்கான 'ஸ்திரீ தர்மம்' பத்திரிகையின் ஆசிரியராகவும் சில காலம் இருந்தார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்த கதையெல்லாம் நமக்குத் தெரிகிறது என்றால், அவர் தன் வாழ்க்கையையும் எழுதிவைத்ததால்தான். அந்தச் சுயசரிதை 1964-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 78!

பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பித்து வந்த சில சிறுமிகள் அவரைத் தேடி வந்தார்கள். படிக்க வைக்கலாம் என்று விடுதிகளில் இடம் கேட்டார். எந்தக் குலம் என்று விசாரித்துவிட்டு, இடமில்லை என்று கைவிரித்தார்கள். தன் அம்மாவைச் சொல்லித் தன்னைக் கல்லூரி வாசலில் நிறுத்திப் பேசிய அதே பேச்சு! கேட்டுக்கேட்டு அலுத்துப்போய், தானே ஓர் இல்லம் தொடங்கிவிட்டார். 1930-களின் தொடக்கத்தில் பிறந்த அந்த இல்லத்துக்கு அவர் வைத்த பெயர், அவ்வை இல்லம். சென்னை அடையாறில் பள்ளிக்கூடத்தோடு இன்றும் இருக்கிறது.

இன்னொரு காயமும் அவர் மனதில் இருந்தது. 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார் அக்கா. அக்கா டாக்டர், பதக்கம் வாங்கிய டாக்டர். ஆனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இங்கிலாந்து போனபோது அவர் புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி எடுத்ததற்குக் காரணம் அதுதான்.

ஊர் திரும்பியதிலிருந்து, இங்கேயும் அப்படி ஒரு மருத்துவமனை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையிலும் அதைத்தான் பேசினார். பிழைக்க வழியே இல்லாத நோய்க்கு எதற்குத் தனியாக ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் பலர் நினைத்த காலம். பணம் சேரவில்லை. அவரும் விடவில்லை, உண்டியல் குலுக்காத குறையாகக் கேட்டார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் புற்றுநோய் டாக்டராகி அம்மாவோடு சேர்ந்துகொண்டார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மொத்தம் 12 படுக்கைகள்!

தங்கை இறந்து 31 வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடம் சாந்தா என்ற இளம் டாக்டர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 2021-இல் மறையும் வரை அந்த மருத்துவமனைதான் அவருக்கு வீடு. இன்று மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் ரயிலேறி அடையாறு போகிறார்கள்.

1956-இல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-இல் மறைந்தார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் 82-ஆவது பிறந்தநாள்.

அவர் பிறந்த ஜூலை 30-ஐ மருத்துவமனை தினமாகக் கொண்டாடுவது என்று 2019-இல் தமிழக அரசு அறிவித்தது. அன்றைக்கு நம்ம ஊர் பெரியாஸ்பத்திரிப் பக்கம் போக நேர்ந்தால், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பாட்டியம்மா படத்துக்கு யாராவது மாலை போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூட வருபவர்கள் யார் இந்த அம்மா என்று கேட்டால், திரை போட்ட வண்டியிலிருந்து கதையை ஆரம்பியுங்கள்.